சிவப்பு மூடி, நீல மூடி

பிப்ரவரி 5

மதிப்பிற்குரிய இறைச்சிக்கூட ஆய்வாளர் அவர்களுக்கு,

எங்கள் ஆய்வகத்தில் யானைக்கால் நோய்க்கான புதிய மருந்துகளைச் சோதித்துவருகிறோம். மனிதருக்கு இந்நோயைத் தரும் புழு நிணநீர்க் குழாய்களுக்குள் குடியிருப்பதால் அதை உயிரோடு வெளியே எடுக்க வழியில்லை. ஆனால் அதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு புழு மாட்டின் வயிற்றறையில், குடலுக்கு வெளிப்புறம், மாட்டுக்குப் பெரிய தொந்தரவு கொடுக்காமல் வாழ்கிறது. தங்கள் கூடத்தில் வெட்டப்படும் மாடுகளில் இப்புழு கிடைத்தால், வாரம் ஒருமுறை உயிருடன் சேகரித்து அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம். உப்புக் கரைசலும், சிவப்பு மூடி போட்டது ஒன்றும் நீல மூடி போட்டது ஒன்றுமாக இரண்டு பிளாஸ்க்குகளும் பஸ்ஸில் வருகின்றன.

இப்படிக்கு,
ஆய்வக உதவியாளர்

பி.கு.: மேலே உள்ளது மேடம் சொல்லச் சொல்ல எழுதியது. இனிமேல் வருவது நான்.

அண்ணா, நீ அந்தக் கூடத்துக்கு மாற்றலாகி வந்த விஷயம் மேடத்தின் காதுவரை எட்டிவிட்டது. "உங்க அண்ணன்தானே? ஒரு வார்த்தை சொன்னா வேலை முடிஞ்சுது" என்றார். நமக்குள் பதினோரு வருஷமாக ஒரு வார்த்தையும் கிடையாது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? சரி மேடம் என்று தலையாட்டிவிட்டேன். வேலைக்காகத்தான் எழுதுகிறேன், வேறு எதற்கும் இல்லை. நீ நன்றாக இருக்கிறாயா?


பிப்ரவரி 12

ஆய்வக உதவியாளர் அவர்களுக்கு,

கடிதமும் பிளாஸ்க்குகளும் வந்து சேர்ந்தன. இன்று வெட்டிய பதினான்கு மாடுகளில் ஐந்தில் புழு இருந்தது. மொத்தம் இருபத்திரண்டு. இனிப் புதன்கிழமைதோறும் காலை ஏழு மணி பஸ்ஸில் அனுப்பப்படும். காலி பிளாஸ்க்குகளைச் சனிக்கிழமை அதே பஸ்ஸில் திருப்பி அனுப்பவும். பையில் என்ன என்று கண்டக்டர் கேட்டார். சொன்னேன். இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போய் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்தார்.

பி.கு. பகுதி இந்த அலுவலகம் சம்பந்தப்பட்டதல்ல. ஆகையால் பதில் இல்லை.

ஆய்வாளர்


பிப்ரவரி 15

அண்ணா,

பதில் இல்லை என்று மெனக்கெட்டு எழுதியிருக்கிறாயே, இப்போதைக்கு அதுவே போதும்.

புழு வந்தது. இதுவரை படத்தில்தான் பார்த்திருந்தேன். வெள்ளைத் தையல் நூலை விரல் நீளத்துக்கு வெட்டிப் போட்ட மாதிரி இருக்கிறது. மாணவர்களிடம் மேடம், "இது யானைக்கால் புழுவுக்கு ஒன்றுவிட்ட சகோதரம்" என்று விளக்கினார். நான் மனசுக்குள் 'பங்காளி' என்று பெயர் வைத்துவிட்டேன். சாயல் ஒன்றுதான், ஆனால் ஒரு வீட்டில் சேர்ந்து இருக்காது.

குறை ஒன்று உண்டு. இருபத்திரண்டில் ஒன்பது துவண்டுபோய் வந்தன. மேடத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. "பாதி செத்ததுக்கு மருந்து கொடுத்து நாம என்ன கண்டுபிடிக்கப் போறோம்?" என்று என்னைத்தான் கேட்டார். உன்னைக் குறை சொல்லவில்லை. கரைசல் ஊற்றும் முன் பிளாஸ்க்கை வெந்நீரால் ஒருமுறை கழுவிவிடு. இடுக்கியால் அழுத்திப் பிடிக்காதே.

நீ அனுப்புவதை நான் என்ன செய்கிறேன் என்று தெரிந்துகொள்ள உனக்கு ஆசை இருக்காது. இருந்தாலும் சொல்கிறேன். மேசையில் இரண்டு வரிசைக் கிண்ணங்கள். ஒரு வரிசையில் வெறும் கரைசல், இன்னொன்றில் மருந்து கலந்தது. மணிக்கு ஒருதரம் குனிந்து பார்த்து மதிப்பெண் போடுவேன். துள்ளினால் நாலு, நெளிந்தால் மூன்று, நுனியை மட்டும் ஆட்டினால் இரண்டு, தொட்ட பிறகு அசைந்தால் ஒன்று, தொட்டும் அசையாவிட்டால் பூஜ்யம். அவ்வளவுதான் என் உத்தியோகம். பகல் முழுக்க இந்த அறையில் மருந்துக்குக்கூட ஓர் ஆள் கிடையாது. கிண்ணங்களை உடம்புச் சூட்டில் வைக்கிற பெட்டி ஒன்று இருக்கிறது. அதன் பக்கவாட்டில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் மதியம் சாப்பிடுவேன். இதமாக இருக்கும். வீட்டிலும் தனியாகத்தான் சாப்பிடுகிறேன், அங்கே பெட்டி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

தங்கை


பிப்ரவரி 19

ஆய்வக உதவியாளர் அவர்களுக்கு,

பிளாஸ்க்குகள் வெந்நீரால் கழுவப்பட்டன. இடுக்கியைத் தூரப் போட்டுவிட்டு விரலால் எடுத்தேன். இன்று முப்பத்தொன்று. உங்கள் மேடம் முகத்தை விரித்துக்கொள்ளலாம்.

நீ கேட்காமல் கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கால் அப்படியேதான் இருக்கிறது. வருஷத்துக்கு இரண்டு தடவை காய்ச்சல் வரும், தொடையில் நெறி கட்டும், நான்கு நாள் படுப்பேன், எழுந்து வேலைக்குப் போவேன். இங்கே தரையெல்லாம் தண்ணீர், ரப்பர் பூட்ஸ் இல்லாமல் நிற்க முடியாது. வலது காலுக்கு எட்டாம் நம்பர், இடது காலுக்குப் பதினொன்று. கடைக்காரன் ஒற்றையாக விற்க மாட்டேன் என்கிறான். அதனால் ஒவ்வொரு தடவையும் இரண்டு ஜோடி வாங்கி, வேண்டிய இரண்டை எடுத்துக்கொண்டு வேண்டாத இரண்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறேன். அங்கே இப்போது பத்து பூட்ஸ் கிடக்கின்றன. ஒன்றுக்கொன்று ஜோடி சேராது. இந்தக் குவார்ட்டர்ஸில் எனக்குத் துணை அவைதான்.

எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. அந்தப் படம் இன்னும் மாட்டியிருக்கிறதா?

ஆய்வாளர்


பிப்ரவரி 22

அண்ணா,

மாட்டித்தான் இருக்கிறது.

அன்றைக்கு நடந்ததை உன் பக்கத்திலிருந்து நீ ஆயிரம் தடவை நினைத்திருப்பாய். என் பக்கத்தையும் ஒருதரம் கேள். நான் வேலைக்குச் சேர்ந்து நான்காவது மாதம். அப்போது ஆய்வகத் தலைவராக இருந்த பெரியவர், "உங்க அண்ணனுக்குக் கால் வீக்கமாமே, கூட்டிட்டு வாங்க, நல்லா பார்த்துடலாம்" என்றார். வைத்தியம் பார்க்கப் போகிறார்கள் என்று நம்பித்தான் வரமாட்டேன் என்ற உன்னைக் கெஞ்சிக் கூட்டிவந்தேன். உள்ளே இருபது மாணவர்கள் வட்டமாக நிற்பார்கள் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. உன்னை ஸ்டூல்மேல் ஏறி நிற்கச் சொன்னார்கள். பேண்டை மடிக்கச் சொன்னார்கள். நீ என்னைப் பார்த்தாய். படம் எடுக்க என் கையில் விளக்கைக் கொடுத்து, "கொஞ்சம் இடது பக்கம் பிடிம்மா, நிழல் விழுது" என்றார்கள். பிடித்தேன். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை, வேலை போய்விடுமோ என்று பயம்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தாழ்வாரத்தில் மாட்டினார்கள். முழங்காலுக்குக் கீழே மட்டும். 'நாள்பட்ட வீக்கம், இடது கால், ஆண், வயது 31' என்று கீழே எழுதியிருக்கும். அதைத் தாண்டாமல் என் அறைக்குப் போக முடியாது. நீ பேசாத இந்தப் பதினோரு வருஷமும் உன் காலைத் தினம் இரண்டு தடவை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கணுக்காலுக்கு மேலே அந்தத் தழும்பு தெரியும், நாம் இரண்டு பேரும் சைக்கிளோடு விழுந்தோமே, அது. கண்ணாடியில் தூசி படிந்தால் நான்தான் துடைப்பேன். வேறு யாரும் துடைப்பதில்லை.

தங்கை


பிப்ரவரி 26

ஆய்வக உதவியாளர் அவர்களுக்கு,

புழு முப்பத்து நான்கு.

விளக்குப் பிடித்ததை அன்றைக்கே மன்னித்துவிட்டேன். பயந்தவளிடம் என்ன கோபம்? அதன் பிறகு வாசலில் வந்து ஒன்று சொன்னாயே, அதை உன் கடிதத்தில் காணோம். மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். "எதுக்கு இவ்வளவு கோபம்? முகம்தான் தெரியலையே" என்றாய்.

ஆய்வாளர்


மார்ச் 22

அண்ணா,

மூன்று வாரம் பை வந்தது, பிளாஸ்க் வந்தது, புழு வந்தது. கடிதம் வரவில்லை. ஒவ்வொரு புதனும் பைக்குள் கையை விட்டு அடிவரை துழாவிப் பார்ப்பேன். கண்டக்டர் பார்த்துவிட்டு, "என்னம்மா, ஒண்ணு தப்பிச்சுப் போயிருச்சா?" என்கிறார்.

ஆமாம், சொன்னேன். மறக்கவில்லை, எழுதக் கூசியது. உன்னைச் சமாதானப்படுத்துகிறோம் என்று நினைத்துத்தான் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள்ளேயே உன் முகம் மாறிவிட்டது. அன்றைக்கு அந்த அறையில் உன்னைத் தவிர இருபத்திரண்டு பேர் இருந்தோம், உன் முகத்தைப் பார்த்தது நான் ஒருத்திதான். பார்த்துவிட்டும் அப்படிச் சொன்னேனே! என்னை நீ திட்டித் தீர்த்திருந்தால் என்றோ ஆறியிருக்கும். நீ பேசாமல் போனதுதான் என்னைத் தின்கிறது. அம்மா போனபோதும் வந்து வாசலோடு நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விட்டாய். மன்னித்துவிடு அண்ணா. இதை எழுத எனக்கு மூன்று வாரம் ஆனது என்பதற்காகவும் சேர்த்து மன்னித்துவிடு.

இப்போது ஒரு நல்ல சேதி. பதினேழாம் நம்பர் மருந்து வேலை செய்கிறது! நான்கு வாரமாகப் பார்க்கிறேன். வெறும் கரைசலில் இருக்கிற பங்காளிகள் ஆறு மணி நேரம் கழித்தும் துள்ளுகிறார்கள், நாலுக்குக் குறைந்து மதிப்பெண் போட முடியவில்லை. மருந்தில் போட்டவர்கள் மூன்று மணி நேரத்தில் ஒன்று, ஐந்தில் பூஜ்யம். மேடம் என் தோளைத் தட்டினார். இத்தனை வருஷத்தில் அவர் என்னைத் தொட்டது இதுதான் முதல் தடவை. ஏப்ரல் ஐந்தாம் தேதி மாநாட்டுக்குப் போகிறார், இதைத்தான் பேசப் போகிறார். பதினோரு வருஷமாக ஒப்பந்தத்தில் ஓடுகிற என் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லிக் கோப்பும் அனுப்பியிருக்கிறார்.

தங்கை


மார்ச் 26

சுண்டெலிக்கு,

இந்தப் பெயரை எழுதிப் பார்த்து எத்தனை காலம் ஆகிறது! கையெழுத்தே கோணுகிறது. கூப்பிட்டால் இப்போதும் திரும்பிப் பார்ப்பாயா தெரியவில்லை.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் பாதியைப் பற்றி ஒன்றும் எழுத வரவில்லை. படித்தேன், அவ்வளவுதான். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன் என்று வைத்துக்கொள்.

இரண்டாம் பாதியைப் பற்றிக் கேட்கிறேன். அந்தப் பதினேழு எப்போது கடைக்கு வரும்? மாத்திரையா, ஊசியா? எனக்காகக் கேட்கவில்லை. இங்கே தோல் உரிக்கிறவர் ஒருவர் இருக்கிறார், அவர் தெரிந்துகொள்ள விரும்புகிறார். பங்காளியை அடிக்கிற மருந்து அசல் ஆளையும் அடிக்குமல்லவா? அடித்துவிட்டால், இருபது வருஷத்து வீக்கமானாலும் வடியுமா என்று கேட்கிறார்.

ஆய்வாளர்


மார்ச் 29

அண்ணா,

தோல் உரிக்கிறவருக்கு எந்தக் கால்? இடது காலா? அவருக்கும் பதினொன்றாம் நம்பர் பூட்ஸா? என்னிடமே கதை விடுகிறாயே!

மருந்து கடைக்கு வர இன்னும் வெகுநாள் ஆகும். எலியிடம் பார்க்க வேண்டும், பிறகு ஆட்களிடம். மற்றதையெல்லாம் அப்புறம் சொல்கிறேன். இப்போதைக்குக் காலைக் கவனமாகப் பார்த்துக்கொள் என்று அவரிடம் சொல்.

உன் புண்ணியத்தில்தான் இந்த வேலை ஓடுகிறது. உனக்கு ஒரு ரகசியம் சொல்லட்டுமா? மேடம் எப்போதும் இரண்டு பிளாஸ்க் புழுவையும் ஒரே தட்டில் கொட்டிக் கலந்து, அப்புறம் பார்க்காமல் எடுத்துப் பிரிக்கச் சொல்வார். ஆனால் கலந்தால் அவை ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். சிக்கெடுக்க அரை மணி ஆகும், அதற்குள் ஆறிவிடும். நீ விடியற்காலையில் எழுந்து விரலால் பொறுக்கி அனுப்புகிறாய், அதை ஆறவிட எனக்கு மனசு வரவில்லை. அதனால் என் வழி வேறு. சிவப்பு மூடி என்றால் வெறும் கரைசல். நீல மூடி என்றால் மருந்து. எதுவும் கலக்காது, எதுவும் சாகாது, பத்து நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். எப்படி என் மூளை?

சுண்டெலி


மார்ச் 31, திங்கட்கிழமை

சுண்டெலிக்கு,

இன்றைக்குப் பஸ்ஸில் பிளாஸ்க் இல்லை, இந்தக் கடிதம் மட்டும்தான். புதன்வரை காத்திருக்க முடியவில்லை. "இதுல புழு இல்லையே?" என்று கண்டக்டர் நோட்டம் பார்த்துவிட்டுத்தான் வாங்கினார். இருக்கிறது. கேள்.

பிப்ரவரி மாதம் நீ ஒரு கடிதத்தில், ஒன்பது துவண்டு வந்ததற்கு மேடம் உன்னைக் கேட்டதாக எழுதினாய். அதற்கு அடுத்த வாரத்திலிருந்து நான் புழுக்களைப் பிரித்துத்தான் அனுப்புகிறேன். முதலில் வெட்டிய மாடுகளில், வயிறு சூடாக இருக்கும்போதே எடுத்த துள்ளுகிற புழுவெல்லாம் சிவப்பு மூடியில். கடைசியாக, முத்திரை குத்துகிற வேலையெல்லாம் முடித்துவிட்டு நான் போய்ப் பார்ப்பதற்குள் ஆறிப்போன வயிறுகளில் எடுத்த சோம்பேறிகள் நீல மூடியில். நல்லதை முதலில் திறந்து நீ வேலையைத் தொடங்குவாய், உன்னை யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள், போதாவிட்டால் நீலத்தை எடுத்துக்கொள்வாய் என்று நினைத்தேன்.

உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் அக்கறை என்று நினைத்துக்கொள்வாயே! அதனால்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நீ சனிக்கிழமை எழுதியதைப் படித்ததும்தான் நான் செய்து வைத்தது என்னவென்று புரிந்தது. பதினேழாம் நம்பர் எதையும் கொல்லவில்லை, சுண்டெலி. நான் அனுப்பும்போதே அவை பாதி செத்தவை. நான் மாடு பார்க்கிறவன், ஆராய்ச்சி தெரியாது. ஆனால் இது எனக்கே தெரிகிறது. உன் மேடம் மாநாட்டில் போய்ப் பேசிவிட்டால், நாளைக்கு இதை வேறு ஒருவர் செய்து பார்த்துச் சிரிப்பார். உன் கோப்பு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. நான் சொல்லாமலே இருந்துவிடலாமா என்று ஞாயிறு முழுக்க யோசித்தேன். நீ என்னை மறுபடி வெறுக்க இதுவே போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இனி மறைக்க என்ன இருக்கிறது? தோல் உரிக்கிறவர் யாரும் கேட்கவில்லை. போன புதன்கிழமை சாயங்காலம் கடைக்குப் போய் ஒரு ஜோடி ஷூ வாங்கினேன். இரண்டும் ஒரே அளவு, எட்டு. என் வாழ்க்கையில் இருபது வருஷத்துக்குப் பிறகு ஒரே ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு கடையிலிருந்து வெளியே வந்தேன். பெட்டியோடு கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

நாளை மறுநாள் எல்லாவற்றையும் நானே கலந்து அனுப்புகிறேன். நீயும் ஒருமுறை கலந்துகொள்.

ஆய்வாளர்


ஏப்ரல் 19

அண்ணா,

மூன்று வாரம் எழுதவில்லை. கோபம்தான். முதலில் உன்மேல், அப்புறம் என்மேல், நடுவில் அந்த நீல மூடியின்மேல். அதைத் தரையில் எறிந்து விளிம்பை உடைத்துவிட்டேன்.

உன் கடிதத்தை மேலங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை முழுக்கச் சுற்றினேன். மேடம் எதிரே வரும்போதெல்லாம் பையை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். கிழித்துப் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? எனக்கு வயது முப்பத்தெட்டு. வருஷா வருஷம் 'நீட்டிக்கப்படுகிறது' என்று ஒரு தாள் வரும், அதைப் பார்த்துத்தான் அறை வாடகைக்குக்கூடச் சம்மதம் சொல்வேன். நீ மறைக்காமல் எழுதி அனுப்பினாயே என்று மட்டும்தான் திரும்பத் திரும்பத் தோன்றியது.

புதன்கிழமை உன் பிளாஸ்க்குகள் வந்தன. இரண்டையும் ஒரே தட்டில் கொட்டினேன். பின்னிக்கொண்டன. பெட்டியின் கதவுக்குப் பக்கத்தில், சூடு வருகிற இடத்தில் உட்கார்ந்து சிக்கெடுத்தேன். பிறகு வாசல் காவலாளியைக் கூப்பிட்டு, பாதிக் கிண்ணங்களில் மருந்தை ஊற்றி, எது எது என்று அடியில் எழுதி ஒட்டச் சொல்லி, நான் திரும்பி நின்றுகொண்டேன். எது மருந்து, எது இல்லை என்று தெரிந்தவர் எண்ணக் கூடாது அண்ணா. தெரிந்தால் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும். நான்கு வாரமாக என் கண் அதைத்தான் செய்திருக்கிறது. ஆறு மணி நேரம் கழித்துக் காகிதங்களைப் பிரித்தோம். பதினேழாம் நம்பரில் பங்காளிகள் நீச்சல் பழகிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வரிசையும் ஒன்றுபோல.

வியாழக்கிழமை மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு, "போறதுக்கு முன்னாடி சொன்னீங்களே, அதுவரைக்கும் தப்பிச்சோம்" என்றார். அவ்வளவுதான். மாநாட்டுக்குப் போகவில்லை. என் கோப்பு திரும்பி வந்துவிட்டது. இந்த வருஷம் நீட்டிப்பு உண்டு, அடுத்த வருஷம் தெரியாது. பதினேழை மூட்டை கட்டிவிட்டார்கள். இந்தத் திட்டமே நின்றுபோகிறது, இனிப் புழு வேண்டாம். இதை அலுவல் கடிதமாக மேடம் தனியே அனுப்புவார். நான் முன்னாலேயே சொல்கிறேன். இனிப் புதன்கிழமை என்றால் எனக்கு ஒன்றும் இல்லை.

இப்போது என் பொய்க்கு வருகிறேன். நீ எல்லாவற்றையும் சொல்லிவிட்டாய், நான்தான் மறைத்தேன். 'வீக்கம் வடியுமா' என்று கேட்டாயே, 'அப்புறம் சொல்கிறேன்' என்றேனே. எனக்குப் பதில் அன்றைக்கே தெரியும். பதினேழு நிஜமாகவே வேலை செய்திருந்தாலும் உன் கால் வடிந்திருக்காது. புழு உன் காலுக்குள் இப்போது அனேகமாக இல்லவே இல்லை, என்றோ செத்திருக்கும். அது பாழாக்கிவிட்டுப் போன குழாய்கள்தான் மிச்சம், அவற்றை எந்த மாத்திரையும் திருப்பித் தராது. இதைப் பதினோரு வருஷமாகக் கற்றுக்கொண்டிருக்கிறேன். உன்னிடம் சொல்ல மனசு வரவில்லை. 'சுண்டெலி' என்று எழுதியிருந்தாய், அதைக் கெடுத்துக்கொள்ள பயந்தேன். நீ ஷூ வாங்கியதைப் படித்த இடத்தில் கடிதத்தை மடித்துவிட்டேன். அதற்குமேல் படிக்கச் சாயங்காலம் ஆனது. பதினேழைப் பற்றி முதலில் எழுதியபோதே இந்த ஒரு வரியையும் சேர்த்திருந்தால் நீ அந்தக் கடைக்குப் போயிருக்க மாட்டாய்.

ஆனால் செய்யக்கூடியது இருக்கிறது, அதைக் கேள். கூடவே ஒரு பொட்டலம் வருகிறது. சோப்பு, மெல்லிய துண்டு இரண்டு, களிம்பு, தையல்காரர் வைத்திருப்பாரே அந்த அளவு நாடா. தினம் வேலை முடிந்ததும் பூட்ஸைக் கழற்றி, காலைச் சோப்புப் போட்டுக் கழுவு. விரலிடுக்கில் ஈரம் இல்லாமல் துடை. வெடிப்பு இருந்தால் களிம்பு. படுக்கும்போது காலைத் தலையணைமேல் உயர்த்தி வை, கணுக்காலை மேலும் கீழும் ஆட்டு. காய்ச்சல் வருவது குறையும், அது நிச்சயம். வீக்கமும் கொஞ்சம் குறையலாம், முழுக்கப் போகாது. கணுக்காலிலிருந்து ஒரு சாண் மேலே, அந்தத் தழும்புக்கு நேராக, வாரம் ஒருமுறை அளந்து எழுது.

இன்னொன்று. நேற்று எல்லாரும் போன பிறகு தாழ்வாரத்துப் படத்தைக் கழற்றிவிட்டேன். நான்கு திருகாணி. சுவரில் வெளிறிய சதுரம் ஒன்று இருக்கிறது. படம் என் அலமாரியில், துணிகளுக்கு அடியில். யாரும் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிக்கொள்கிறேன்.

சுண்டெலி


மே 6

சுண்டெலிக்கு,

இது தபாலில் வருகிறது. பஸ்ஸில் கொடுக்கலாம் என்று போனேன். கண்டக்டர், "என்ன சார், புழு நின்னுபோச்சாமே? ரெண்டு மாசத்துக்கு மேல டிரைவர் பின்னாலயே உக்காந்து வந்துச்சுங்க, பழகிப்போச்சு" என்றார். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது, கடிதத்தைக் கொடுக்காமல் திரும்பிவிட்டேன். இன்றைக்கும் ஒரு மாட்டில் ஏழு புழு இருந்தது. பார்த்துவிட்டு மூடினேன்.

கால் விஷயத்தில் நீ எழுதியதைப் படித்து இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. இங்கே பேசுவதற்கு ஆளும் இல்லை என்பது வேறு விஷயம். மூன்றாம் நாள் யோசித்துப் பார்த்தேன். இத்தனை டாக்டர்களிடம் போயிருக்கிறேன், மாத்திரை கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள். வடியாது என்று முகத்துக்கு நேரே சொன்னவள் நீ ஒருத்திதான். ஷூவைத் தோல் உரிக்கிறவருக்குக் கொடுத்துவிட்டேன். அவர் கால் எட்டாம் நம்பர்தான், இரண்டும்.

பொட்டலம் வந்த நாளிலிருந்து தினம் கழுவுகிறேன். என் காலை நானே இத்தனை வருஷம் சரியாகப் பார்த்ததில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. துண்டு நல்ல துண்டு.

அளவுதான் தகராறு. முதல் நாள் நாற்பத்து மூன்று சென்டிமீட்டர். ஒரு வாரம் கழித்து நாற்பது வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை! சந்தேகத்துக்கு மறுபடி அளந்தேன், நாற்பத்திரண்டு. இன்னொரு தடவை, முப்பத்தொன்பது. அப்புறம்தான் கவனித்தேன், வேண்டிய எண் வரும்வரை நாடாவை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். எது எது என்று தெரிந்தவர் எண்ணக் கூடாது என்று நீதானே எழுதினாய்? இது யாருடைய கால் என்று எனக்கு நன்றாகவே தெரியும். அதனால் நான் அளப்பது செல்லாது. வேறு ஆள் வந்துதான் அளக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கூடத்துக்கு விடுமுறை. உங்கள் ஊரிலிருந்து ஒன்பது மணிக்குக் கிளம்புகிற பஸ் பதினொன்றரைக்கு இங்கே வரும். இறங்கி, கூடத்தின் மதிலை ஒட்டியே நடந்தால் கடைசி வீடு. பேண்டை மடித்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன்.

வந்து அளந்து பார். இந்தத் தடவை முகமும் தெரியும்.

உன்
அண்ணன்